கண்மாய் வெட்டும்போது சேற்றுக்குள் ஐந்து ஆமை: என்ன செய்யலாம்?

மருதங்கண்மாய்
எல்லோருக்கும் வணக்கம். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். கண்மாயில் நேற்று பொக்லைன் இறங்கி வண்டல் அள்ள ஆரம்பித்தார்கள். தண்ணீர் வற்றி இரண்டு மாதமாகிறது, மேல்மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஒரு முழம் கீழே போனால்தான் ஈரம். மத்தியானம் ஒரு பக்கெட் மண்ணைக் கொட்டியபோது அதற்குள்ளிருந்து தட்டு மாதிரி ஒன்று உருண்டது. ஆமை! அப்புறம் தேடித் தேடி மொத்தம் ஐந்து எடுத்திருக்கிறோம். ஒன்றுக்கு ஓட்டின் ஓரத்தில் பக்கெட் பல் பட்டு கீறிவிட்டது.

இப்போது வீட்டுப் பின்னால் சிமெண்டுத் தொட்டியில் முழங்கால் தண்ணீர் விட்டுப் போட்டிருக்கிறேன். அம்மா வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்கிறார். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மூலத்துக்கு நல்லது, ஒன்று கொடு என்று காலையிலிருந்து இரண்டு தடவை வந்துவிட்டார். அக்கா பையனுக்கு மீன்தொட்டியில் வளர்க்க வேண்டுமாம். என்ன செய்வது? விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை நான் கோவை திரும்ப வேண்டும்.

குளத்துமீன்
ஊர்க் கிணறு எதிலாவது விட்டுவிடுங்கள் நண்பரே. எங்கள் தாத்தா காலத்தில் கிணற்றில் ஆமை இருந்தால் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று தேடிப்பிடித்து விடுவார்கள். பாசி, புழு, செத்தது எல்லாவற்றையும் தின்றுவிடும்.

ஓடுதாங்கி
தம்பி, முதலில் தொட்டித் தண்ணீரை இறக்குங்கள். ஈரச் சேற்றிலிருந்து எடுத்த ஆமையை முழங்கால் தண்ணீரில் போடக் கூடாது, அதிலும் அடிபட்டதை. அது நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி. ஏறி நிற்க இடமில்லாத வழவழப்பான தொட்டியில் களைத்துப்போனால் மூழ்கிச் சாகும். நீந்தத் தெரிந்த ஆமை எப்படி மூழ்கும் என்று கேட்காதீர்கள், பார்த்திருக்கிறேன். ஈர மண்ணை ஒரு சாண் உயரத்துக்குப் போட்டு, மேலே நனைத்த சாக்கை மூடி, நிழலில் வையுங்கள். இரண்டு நாளைக்குச் சாப்பாடு கொடுக்கவில்லையே என்று பதறவும் வேண்டாம்.

எந்த ஆமை என்று தெரிய வேண்டும். ஓடு கல் மாதிரி கெட்டியாக, கருப்பாக, முதுகில் மூன்று வரம்பு ஓடினால் அது காராமை. ஓடு தோல் போர்த்திய மாதிரி வழுவழுப்பாக, வயிறு பால் வெள்ளையாக, மூக்கு சின்னக் குழாய் மாதிரி நீண்டிருந்தால் பாலாமை. கவனமாகத் திருப்பிப் பாருங்கள். பின்னங்கால் பக்கமாகப் பிடியுங்கள். கழுத்து நீங்கள் நினைப்பதைவிட நீளம், கடி பலமாக விழும்.

மருதங்கண்மாய்
திருப்பிப் பார்த்தேன் அக்கா. வெள்ளை வயிறு. காலை உள்ளே இழுத்ததும் அடியில் இரண்டு மூடி மாதிரி வந்து மூடிக்கொண்டது! பெட்டியைப் பூட்டிய மாதிரி இருந்தது. தண்ணீரையும் இறக்கிவிட்டேன்.

ஓடுதாங்கி
அந்த மூடிதான் அடையாளம். பாலாமையேதான். நம் நாட்டு மெல்லோட்டு ஆமைக் குடும்பத்தில் மற்றவை தட்டையாக, பெரிதாக, காலெல்லாம் வெளியே தெரிய இருக்கும். இது மட்டும் அடிவயிற்றின் பின்பக்கம் இரண்டு தோல் மடிப்பு வைத்துக்கொண்டு பின்னங்காலைச் சுத்தமாக மூடிக்கொள்ளும். நம் பக்கம் வேறு எந்த ஆமைக்கும் இந்த மூடி கிடையாது. இதற்கு நெருங்கிய சொந்தக்காரர்களில் சிலர் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் இவற்றைக் காப்பாற்றவில்லை தம்பி, வீட்டைப் பிரித்து வெளியே எடுத்திருக்கிறீர்கள். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் வற்றியதும் மாட்டிக்கொண்டு கிடந்த ஜீவன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது மாட்டிக்கொள்ளவில்லை, தானாக இறங்கிப் படுத்தது. கோடை வந்தால் சேற்றுக்குள் புதைந்து, உடம்பின் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருப்பது அதன் வழக்கம். அந்த மூடியும் அதற்குத்தான் உதவுகிறது, உடம்பு ஈரம் போகாமல் இருக்க. தென்னிந்தியப் பாலாமை தண்ணீர் இல்லாமல் 160 நாள் வரை தாக்குப்பிடித்ததாக ஆய்வு இருக்கிறது. வட இந்திய வகை அவ்வளவு நாள் தாங்கவில்லை. நம் ஊர்க் கோடைக்கு ஏற்ற உடம்பு.

அதனால் விடுவதென்றால் தண்ணீரைத் தேடாதீர்கள், சேற்றைத் தேடுங்கள்.

கிணறு வேண்டாம். சுவர் செங்குத்தாக இருக்கும், ஏறி வர முடியாது. முட்டையிடக் கரை வேண்டும், இனம் சேரத் துணை வேண்டும். கிணற்று ஆமை பல வருடம் உயிரோடு இருக்கலாம், ஆனால் அதோடு அதன் வம்சம் முடிந்தது.

மேலத்தெரு
நானும் கண்மாய்ப் பாசனக்காரன்தான், வயது அறுபத்தெட்டு. ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. அப்படியானால் கண்மாயில் வண்டலே அள்ளக் கூடாதா? பத்து வருடமாக மனு கொடுத்து இந்த வருடம்தான் எங்களுக்குக் கண்மாய் வெட்டினார்கள். மேடு தட்டிப்போய் நாலு நாள் மழைக்கே கலுங்கு வழியாகத் தண்ணீர் போய்விடும். ஆமைக்காகப் பயிரைக் காயவிட முடியுமா? ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சும்மாவா சொன்னார்கள்.

குளத்துமீன்
ஐயா, அந்த ஆமை இந்த ஆமை இல்லையாம். கல்லாமை, பொறாமை, இயலாமை என்று வருகிற 'ஆமை'யைத்தான் சொன்னார்கள் என்று வாட்சப்பில் வந்தது.

மேலத்தெரு
வாட்சப்பில் வருவதற்கு முன்னாடியே எங்கள் அப்பத்தா ஆமையைக் கண்டால் விளக்குமாற்றால்தான் தள்ளுவாள். அவளுக்குப் பொறாமையும் தெரியாது, இயலாமையும் தெரியாது. ஆமையைத்தான் தெரியும்.

ஓடுதாங்கி
ஐயா, அந்தப் பழமொழியால் ஆமைக்கு நடந்த கெடுதலைவிட நல்லதுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றும். வீட்டுக்குள் வைக்கவில்லை, தள்ளி விட்டார்களே!

வண்டல் அள்ளக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏரி மேடு தட்டிப்போனால் ஆமைக்கும் தண்ணீர் நிற்காது. எப்படி அள்ளுகிறோம் என்பதுதான் கேள்வி. நீங்களே சொல்லுங்கள், உங்கள் இளவயதில் எப்படி வெட்டினார்கள்?

மேலத்தெரு
மண்வெட்டியும் சாந்துச் சட்டியும்தான். வீட்டுக்கு ஓர் ஆள் குடிமராமத்துக்கு வர வேண்டும். ஒரு வருடம் மடைக்கு வடக்கே, மறு வருடம் தெற்கே. வண்டலை மாட்டுவண்டியில் வயலுக்கு அடிப்போம், அதுவே உரம். மடைக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கும், அதை யாரும் தொடமாட்டார்கள். கோடையில் ஆடுமாட்டுக்குத் தண்ணீர் அங்கேதான் கடைசியாகக் கிடக்கும். வெட்டும்போது ஆமை வந்தால் எடுத்து அந்தப் பள்ளத்துப் பக்கம் எறிவோம். எறிவோம் என்றால் எறிவோம்தான், தடவிக்கொடுக்கவில்லை.

சில வீட்டில் குழம்பும் வைப்பார்கள். பொய் சொல்லக் கூடாது.

ஓடுதாங்கி
நான் நாலு பக்கம் எழுத வேண்டியதை நீங்கள் ஐந்து வரியில் சொல்லிவிட்டீர்கள் ஐயா. பாதி பாதியாக வெட்டுவது, ஆழமான பள்ளத்தை விட்டுவைப்பது, கரையோரக் கோரையை வழிக்காமல் விடுவது. இந்த மூன்றும் இருந்தால் ஆமை தப்பிக்கும். இப்போது எந்திரம் மூன்று நாளில் கரையிலிருந்து கரைக்குச் சுரண்டி, வண்டலுக்குக் கீழே உள்ள கெட்டி மண் வரை போய், சட்டி மாதிரி ஆக்கிவிடுகிறது. மழை வந்தால் தண்ணீர் நிறையும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த கோடையில் புதைய சேறு இருக்காது.

முட்டையும் இருக்கிறது. பாலாமை கரை மண்ணில் குழி தோண்டி முட்டையிடும். உருண்டையாக, கெட்டி ஓட்டோடு, ஒரு தடவைக்கு இரண்டிலிருந்து பதினாறு வரை. வருடத்தில் இரண்டு மூன்று தடவைகூட இடும். ஆனால் பொரிய மாதக்கணக்கில் ஆகும், ஒன்பது மாதம் வரைகூட. கோழிமுட்டை மாதிரி இருபத்தொரு நாள் கணக்கு இல்லை. ஆக, எந்த மாதத்தில் கரையைச் சீவினாலும் உள்ளே முட்டை இருக்க வாய்ப்பு உண்டு.

தமிழ்க்கிறுக்கன்
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். புறநானூறு 176ஆம் பாட்டில் இதே காட்சி இருக்கிறது. பன்றி கிளறிப்போட்ட கருஞ்சேற்றை விளையாடுகிற பெண்பிள்ளைகள் தோண்டுவார்கள், புலால் நாறும் ஆமை முட்டையும் தேன் மணக்கும் ஆம்பல் கிழங்கும் கிடைக்கும். சேற்றில் என்ன கிடைக்கும் என்று தெரிந்தவர் எழுதியது. ஐங்குறுநூற்றில் ஆமைக்குஞ்சு தாய் முகத்தைப் பார்த்தே வளரும் என்றும் வருகிறது.

ஓடுதாங்கி
முதல் பாட்டுக்கு முழு மதிப்பெண். இரண்டாவதில் புலவர் தவறிவிட்டார். தாய் முட்டையை மூடிவிட்டுப் போனால் போனதுதான், குஞ்சு யார் முகத்தையும் பார்க்காமல்தான் வளர்கிறது. ஆனால் 'ஆமைபோல் ஐந்தடக்கல்' என்று வள்ளுவர் சொன்னது பாலாமைக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். தலை, நாலு கால், ஐந்தையும் அடக்கிப் பூட்டே போட்டுக்கொள்கிறதே.

வன்னிக்குளம்
வணக்கம், வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கமும் பாலாமை என்றுதான் சொல்வோம். சிங்களத்தில் கிரி இப்பா, அதுவும் பால் ஆமைதான். கிரி என்றால் பால். கருப்பாமையைக் கல் இப்பா என்பார்கள்.

ஒரு சின்னத் திருத்தம். இலங்கையில் இருப்பது உங்களுடைய அதே இனம் இல்லை என்கிறார்கள். 2011இல் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்து எங்களுடையதைத் தனி இனமாகப் பிரித்தார்கள், உலகத்தில் வேறு எங்கும் இல்லாதது. சின்ன வயதில் குளக்கட்டில் உட்கார்ந்து தூண்டில் போட்டால் விரால் வருகிறதோ இல்லையோ பாலாமை வந்துவிடும். தூண்டிலை ஆழ விழுங்கிவிடும், கழற்ற முடியாது. நூலை வெட்டி விட்டுவிடுவோம். அது நல்லதா கெட்டதா என்று அப்போது யோசித்ததில்லை.

மாரி தொடங்கினால் வயலுக்குள் ஏறும், வீதியைக் கடக்கும். முதல் மழைக்கு அடுத்த நாள் வீதியில் நசுங்கிக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு பிசையும். நாலு மாதம் சேற்றுக்குள் கிடந்து உயிரைப் பிடித்துக்கொண்டு வந்து, தண்ணீருக்குப் பத்தடி இருக்கும்போது லொறிச் சில்லு.

ஓடுதாங்கி
தூண்டில் விழுங்கியதை இழுக்கவே கூடாது அண்ணா, நீங்கள் நூலை வெட்டியது இழுத்ததைவிட மேல். முடிந்தால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

மருதங்கண்மாய்
மூலத்துக்காரர் மறுபடி வந்துவிட்டார். இந்த முறை இருநூறு ரூபாய் தருகிறேன் என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது என்று யாராவது தெளிவாகச் சொன்னால் அவரிடம் காட்டிவிடுவேன்.

ஓடுதாங்கி
வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972. பாலாமை அதில் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கிற அதே அட்டவணை. பிடிப்பது, கொல்வது, விற்பது, வீட்டில் வைப்பது எல்லாமே குற்றம். மூன்றிலிருந்து ஏழு வருடம் வரை சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். உங்கள் அக்கா பையனின் மீன்தொட்டிக்கும் இதே சட்டம்தான். மூல நோய்க்கு ஆமைக்கறி தீர்வு இல்லை, கீரையும் தண்ணீரும் மருத்துவரும்தான் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நீங்களும் வனத்துறைக்கு இப்போதே ஒரு போன் போட்டுவிடுங்கள். நல்ல எண்ணத்தில் வைத்திருந்தாலும் தொட்டியில் இருப்பது முதல் அட்டவணை உயிர்.

மேலத்தெரு
புலியும் ஆமையும் ஒரே அட்டவணையா? புலியைக் காட்டில் பார்க்கக்கூட முடியவில்லை. ஆமை எங்கள் கண்மாயில் மண்வெட்டிக்கு ஒன்று வரும். எதற்கு இவ்வளவு?

ஓடுதாங்கி
நியாயமான கேள்வி. 'மண்வெட்டிக்கு ஒன்று' என்பதுதான் ஐயா அதன் வினை. மலிவாகக் கிடைப்பதால்தான் மூட்டை மூட்டையாகப் போகிறது. 2017 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தில் அமேதியில் ஒரே இடத்தில் 6,430 ஆமை பிடிபட்டது, எடை நாலு டன்னுக்கு மேல். கண்மாயில் நாம் பார்ப்பதன் வடக்கத்திய உறவுதான் அது, பாலாமைதான். மேற்கு வங்கம், வங்கதேசம் வழியாகக் கிழக்கே போகிறது. உயிரோடு கறிக்கு, அல்லது ஓட்டின் ஓரத்துத் தோலை வேகவைத்துக் காயவைத்து வற்றல் மாதிரி சூப்புக்கு. வன உயிர் வியாபாரத்தைக் கண்காணிக்கிற டிராஃபிக் என்கிற அமைப்பு 2009 செப்டம்பரிலிருந்து 2019 செப்டம்பர் வரை இந்தியாவில் பிடிபட்டதைக் கூட்டிப் பார்த்தது. நில ஆமையும் நன்னீர் ஆமையும் சேர்த்து குறைந்தது 1,11,310. பிடிபட்டது மட்டும். வாரத்துக்கு இருநூறுக்கு மேல்.

நம் பக்கம் வியாபாரம் அந்த அளவுக்கு இல்லை. கம்பியால் சேற்றைக் குத்திப் பார்த்து எடுப்பவர்கள் தங்கள் அடுப்புக்கு எடுத்ததுதான் அதிகம், அவர்களால் இனம் அழிந்ததாக நான் நினைக்கவில்லை. குளத்தை மூடியதாலும், சுரண்டியதாலும், வயலில் அடித்த மருந்தாலும் அழிந்தது அதைவிட அதிகம். இவ்வளவு சகஜமாகத் தெரிந்த பாலாமையையே 2021இல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். பட்டியலில் அழிவாய்ப்பு இனம் என்று சேர்த்துவிட்டார்கள்.

அண்ணாநகர்வாசி
தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே. என்னிடம் காதோரம் சிவப்புக் கோடு போட்ட ஆமை இரண்டு இருக்கிறது. வாங்கும்போது அஞ்சு ரூபாய் நாணயம் அளவு, இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவு. தொட்டி போதவில்லை. இதையும் ஏதாவது ஏரியில் விடலாமா?

ஓடுதாங்கி
விடவே கூடாது! அது அமெரிக்க ஆமை. வருடக்கணக்கில் விமானத்தில் பெட்டி பெட்டியாகக் கடத்திவந்து விற்கிறார்கள், சென்னையிலும் திருச்சியிலும் சுங்கத்துறை பிடிக்காத வருடம் இல்லை. இருபது முப்பது வருடம் வாழும், எதையும் தின்னும், வெயில் காயும் இடத்திலிருந்து நம் ஆமையைத் தள்ளிவிடும். கேரளத்தில் 2018இல் திருச்சூர்ப் பக்கம் கால்வாயில் கண்டுபிடித்து, அங்குள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் மக்களிடமிருந்து வாங்கிச் சேகரிக்கவே ஆரம்பித்துவிட்டது. பெரிய தொட்டி வாங்குங்கள், அல்லது விலங்குக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள். ஏரி உங்கள் பழைய சாமான் போடும் இடமில்லை.

கடைசி வரி கொஞ்சம் காரமாகிவிட்டது, மன்னியுங்கள். இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒன்று வருகிறது.

தமிழ்க்கிறுக்கன்
அக்கா, நீங்கள் ஆமைக்குள் எப்படி வந்தீர்கள்?

ஓடுதாங்கி
விஜயா என்கிற பெண்ணால். ஜெ. விஜயா, சென்னைப் பாம்புப் பண்ணையில் தன்னார்வலராக வந்து சேர்ந்தவர். இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர் என்று சொல்வார்கள். 1912இல் விவரிக்கப்பட்ட பிறகு ஆய்வாளர்கள் யார் கண்ணுக்கும் சிக்காமல் இருந்த பிரம்பாமையை 1982இல் கேரளக் காட்டில் தேடிக் கண்டுபிடித்தார், குகையில் தங்கிக்கொண்டு. 1987இல் முப்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். 2006இல் அந்த ஆமைக்கு அவர் பெயரிலேயே தனிப் பேரினம் வைத்தார்கள். கல்லூரியில் அவரைப் பற்றிப் படித்துவிட்டு, காடு போக வசதியில்லாமல் எங்கள் ஊர் ஏரியில் தேட ஆரம்பித்தேன். அங்கே இருந்தது பாலாமை. அவ்வளவுதான் கதை.

மருதங்கண்மாய்
நிலவரம் சொல்கிறேன். வனத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அடிபட்டதை வைத்தியத்துக்கு எடுத்துப்போனார்கள். அம்மா அதற்குள் மஞ்சள் பூசியிருந்தார், கழுவச் சொன்னார்கள். மற்ற நாலையும் அவர்கள் முன்னிலையிலேயே விட்டோம். எங்கே என்று சொல்லமாட்டேன், மூலத்துக்காரரும் இங்கே படிக்கலாம். கோரை மண்டிய இடம், சேறு இடுப்பளவு. கீழே வைத்ததும் மூன்று உடனே மூக்கை மண்ணுக்குள் நுழைத்தன. பத்து நிமிடத்தில் முதுகு தெரியவில்லை. நாலாவது மட்டும் மூடியைத் திறக்காமல் அரைமணி நேரம் எங்களைக் காக்கவைத்தது.

கண்மாய் விஷயம்தான் கஷ்டம். எந்திரத்துக்காரருக்கு மணிக்கணக்கில் கூலி, அவர் நிறுத்தமாட்டார். மேலத்தெரு ஐயா சொன்னதை ஊர்ப் பெரியவர்களிடம் அப்படியே சொன்னேன். ஆமை என்று சொல்லவில்லை. மடைக்கு முன்னால் பள்ளத்தை விட்டால் கோடையில் மாட்டுக்குத் தண்ணீர் என்றேன். தென்மூலையில் ஒரு ஏக்கர் போலத் தொடாமல் விட ஒத்துக்கொண்டார்கள்.

மேலத்தெரு
அதுதான் பேசுகிற முறை. ஆமை என்று ஆரம்பித்திருந்தால் உன்னை டவுன்காரன் என்று சிரித்திருப்பார்கள்.

மருதங்கண்மாய்
ஐந்து மாதம் கழித்து இந்த இழையை மேலே கொண்டுவருகிறேன். ஐப்பசி மழையில் கண்மாய் முக்கால் நிறைந்துவிட்டது. நேற்று அம்மா போன் செய்தார். தென்மூலையில் தண்ணீருக்கு மேலே இரண்டு குழாய் மூக்கு தெரிகிறதாம், கிட்டப் போனால் முங்கிவிடுகிறதாம். நாங்கள் விட்டது வேறு இடம், அதனால் இவை வெட்டாத மூலையில் ஏற்கெனவே படுத்திருந்தவையாகத்தான் இருக்க வேண்டும். வைத்தியத்துக்குப் போனதையும் ஓடு ஆறி, விட்டுவிட்டார்களாம்.

அம்மா இன்னமும் வீட்டுக்குள் கூடாது என்றுதான் சொல்கிறார். ஆனால் தினமும் போய்ப் பார்க்கிறார்.

மேலத்தெரு
தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல் தம்பி. கரையில் கோரைக்கு மேலே, வெயில் படுகிற மேட்டில் எங்கேயாவது மண் புதிதாகக் கிளறி அமுக்கின மாதிரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல். இருந்தால் மேலே ரெண்டு கருவேல முள்ளை வெட்டிப் போடட்டும். தெருநாய் ராத்திரியில் தோண்டிவிடும்.